‘யாரோ உள்ளே வரப் பார்க்கிறார்கள்’: ஃபயர்வால் எச்சரிக்கையில் எதற்குப் பயப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம்?

சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு வெளிநாட்டு ஆர்டர் புதிதில்லை. மாறியிருப்பது அது வரும் வழிதான். முன்பு தபாலில் வந்தது இன்று இமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. மெழுகு உருவத்தின் புகைப்படம், சிலையின் அளவுக் கணக்கு, பேசி முடித்த தொகை, முன்பணம் வந்த வங்கி விவரம் என ஒரு பட்டறையின் பிழைப்பே வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஒரே கணினிக்குள் அடங்கிவிடலாம். அதே கணினியில்தான் பேத்தி ஆன்லைன் வகுப்பு பார்ப்பாள், தாத்தா ரயில் டிக்கெட் போடுவார்.

அந்தத் திரையின் வலது மூலையில் ஒருநாள் சின்னப் பெட்டி ஒன்று எட்டிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அனுமதியில்லாத இணைப்பு முயற்சி தடுக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள். பக்கத்தில் ‘போர்ட் 445’. சிவப்பில் ஒரு ஆச்சரியக்குறி வேறு.

அடுத்த நிமிடம் அது மொபைலில் படம் பிடிக்கப்பட்டு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். “தம்பி, யாரோ நம்ம கம்ப்யூட்டர்ல பூந்துட்டாங்க போலிருக்கு. என்ன செய்ய?” சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் தம்பி, மீட்டிங்குக்கு நடுவில் பதில் போடுவார்: “ஒண்ணும் இல்லப்பா, க்ளோஸ் பண்ணிடுங்க.”

பெரும்பாலான நேரம் இந்தப் பதில் சரி. ஆனால் ஏன் சரி என்று அப்பாவுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் அடுத்த முறை, தம்பி போனை எடுக்காத நேரத்தில், அவர் கூகுளில் ஒரு நம்பரைத் தேடிக் கூப்பிடுவார். உண்மையான ஆபத்து பல வீடுகளில் அந்தப் போன் காலில்தான் தொடங்குகிறது.

தட்டுவது ஆளா, இயந்திரமா?

பெட்டியில் ‘தடுக்கப்பட்டது’ என்று இருந்தால், வந்தது உள்ளே வரவில்லை. தட்டினார்கள், கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். ஃபயர்வால் தன் வேலையைச் செய்ததற்குக் கொடுக்கும் ரசீது என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

சரி, தட்டியது யார்? அநேகமாக, சுவாமிமலை என்ற பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒரு நிரல். இணையத்தில் இன்னும் பரவலாகப் புழங்கும் ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. கேட்க நிறைய போலத் தோன்றும். ஆனால் 2013-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘இசட்மேப்’ என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கணினியும் வேகமான இணைப்பும் இருந்தால், பொதுவெளியில் உள்ள அத்தனை ஐபிவி4 முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் ஒரு சுற்று தட்டிப் பார்த்துவிடலாம் என்று அதில் காட்டினார்கள். எழும்பூரில் கிளம்பும் ரயில் செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் உலகத்தின் எல்லா வாசலிலும் ஒருமுறை மணி அடித்துவிடலாம் என்று அர்த்தம்.

இப்படித் தட்டுபவர்கள் எல்லோரும் கெட்டவர்களும் இல்லை. ‘ஷோடான்’ 2009 முதல் இயங்கும் ஒரு தேடுபொறி. இணையத்தில் எந்தெந்தக் கருவி திறந்து கிடக்கிறது என்று தேடிப் பட்டியல் போடுவதுதான் அதன் வேலை. ‘சென்சிஸ்’ இன்னொன்று. பல்கலைக்கழகங்கள் தட்டும், பாதுகாப்பு நிறுவனங்கள் தட்டும். கூடவே, வைரஸ் பிடித்த லட்சக்கணக்கான கருவிகள் தங்கள் முதலாளிகளுக்கே தெரியாமல் இரவு பகலாகத் தட்டிக்கொண்டிருக்கும். எப்போதும் ஓயாத இந்த இரைச்சலுக்கு ‘இணையத்தின் பின்னணிக் கதிர்வீச்சு’ என்று ஆய்வாளர்கள் பெயரே வைத்துவிட்டார்கள்.

அதனால் அந்த நான்கு எண்களை இணையத்தில் தேடி, “நெதர்லாந்துலேர்ந்து ஹேக் பண்றான்” என்று முடிவுக்கு வருவதில் பலன் இல்லை. அது யாரோ மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சர்வராக இருக்கும். அல்லது பிரேசிலில் ஏதோ ஒரு பல் மருத்துவரின் வைரஸ் பிடித்த ரவுட்டராகக்கூட இருக்கலாம். அவரும் பாதிக்கப்பட்டவர்தான்.

அந்த ‘போர்ட்’ எண் என்ன சொல்கிறது?

ஐபி முகவரி என்பது வீட்டு விலாசம் என்றால், போர்ட் என்பது அந்த வீட்டில் உள்ள கதவின் எண். ஒரு கணினிக்கு 65,535 கதவுகள் வரை உண்டு. எந்தக் கதவைத் தட்டினார்கள் என்பதை வைத்து, எதைத் தேடி வந்தார்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். சில எண்களுக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது.

135-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்ற புழு இந்தக் கதவு வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. யாரும் எதையும் க்ளிக் செய்யவில்லை, எந்த இமெயிலையும் திறக்கவில்லை. இணையத்தில் இணைத்த சில நிமிடங்களில் கணினி தானாக அணைந்து அணைந்து எழுந்தது. கொடுமை என்னவென்றால், அன்றைய விண்டோஸ் எக்ஸ்பி-யில் ஃபயர்வால் இருந்தது. அணைத்து வைத்துத்தான் கொடுத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த ‘சர்வீஸ் பேக் 2’ அதை இயல்பாகவே இயங்கும்படி மாற்றியது. இன்று நீங்கள் கேட்காமலே உங்கள் கணினியில் ஃபயர்வால் ஓடுகிறதென்றால் அதில் பிளாஸ்டருக்கும் பங்கு உண்டு. அதற்கு முன்பும் தட்டல் இருந்தது. வந்து சொல்ல ஆள் இல்லை.

அடுத்து 445. ஒரே அலுவலகத்தில் உள்ள விண்டோஸ் கணினிகள் ஃபைல்களையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளும் கதவு இது. 2017 மே 12-ம் தேதி ‘வான்னாக்ரை’ இதன் வழியாக நுழைந்தது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, பிட்காயினில் பணம் கேட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இங்கே ஆந்திர காவல்துறையின் சில கணினிகளும், திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகக் கணினிகள் சிலவும் மாட்டின. கோயில் ஊருக்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேதனை உண்டு. வான்னாக்ரை பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் இருந்தது. “அப்புறம் பண்ணிக்கலாம்” என்று தள்ளிப்போட்ட கணினிகள்தான் பெரும்பாலும் விழுந்தன. வெளியிலிருந்து வரும் 445-ஐ ஃபயர்வால் தடுத்துவிடும். ஆனால் வீட்டுக்குள்ளேயே, ஒரே வைஃபையில் இருக்கும் வேறொரு லேப்டாப்புக்கு வைரஸ் பிடித்து, அது 445-ஐத் தட்டினால்? ‘வீட்டு நெட்வொர்க்’ என்று நம்பி அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தால் அங்கே அப்டேட் மட்டும்தான் காப்பாற்றும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு இது வெறும் பழங்கதை அல்ல.

3389 வந்தால், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த வசதியை நீங்கள் இயக்கி வைக்கவில்லையென்றால் கவலை வேண்டாம். ஆடிட்டரோ சர்வீஸ் பையனோ “வீட்டிலேர்ந்தே பாத்துக்கலாம் சார்” என்று இயக்கி வைத்துவிட்டுப் போயிருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள்.

23-ம் எண் கதவின் கதை தனி. அது கடைசியில் வருகிறது.

ரவுட்டர் இருக்கும்போது வெளியாள் எப்படி வருவான்?

இதுதான் நல்ல கேள்வி. பல வீட்டு எச்சரிக்கைகளின் முடிச்சும் இங்கேதான் அவிழ்கிறது.

ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் கணினி நேரடியாக இணையத்தில் நிற்பதில்லை. நடுவில் ரவுட்டர் நிற்கிறது. வெளியுலகுக்கு ரவுட்டரின் விலாசம்தான் தெரியும். உள்ளே இருக்கும் கணினி, மொபைல், டிவி எல்லாம் அதன் பின்னால். பல நிறுவனங்கள் ஒரே வெளி விலாசத்தைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தருகின்றன. ஆக, நீங்களாகக் கேட்காத எதுவும் சாதாரணமாகக் கணினி வரை வந்து சேரவே கூடாது. பிறகு பெட்டி ஏன் வருகிறது?

முதலில் அந்த நான்கு எண்களைப் பாருங்கள். 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையோ தொடங்கினால் அது வெளிநாடு கிடையாது. உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கருவி. ஸ்மார்ட் டிவி, “இந்த வைஃபையில் வேறு யார் இருக்கீங்க?” என்று அவ்வப்போது கூவும். பிரிண்டர் கூவும். மொபைல் கூவும். 1900, 5353 போன்ற போர்ட் எண்களோடு வருபவை பெரும்பாலும் இந்தக் கூவல்தான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் அவனுடைய மொபைலாகவும் இருக்கலாம்.

இன்னொரு வகை, தாமதமாக வந்த பதில். நீங்கள் ஒரு இணையதளத்தைத் திறந்து, அது முழுசாக வருவதற்குள் மூடிவிடுகிறீர்கள். அந்தத் தளம் அனுப்பிய பதில் ஒரு நொடி கழித்து வந்து சேர்கிறது. ஃபயர்வாலுக்கு ஞாபகம் குறைவு. “நாம யாரையும் கூப்பிடலையே, இவர் யார்?” என்று தடுத்துவிட்டுப் பெட்டியைக் காட்டும். வந்தவரின் போர்ட் 443 என்றால் இப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது வகையில்தான் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விலாசம் நிஜமாகவே வெளியிலிருந்து வருகிறது, அதுவும் திரும்பத் திரும்ப ஒரே கதவுக்கு வருகிறது என்றால், ரவுட்டரில் எங்கோ வழி திறந்திருக்கிறது. கேமராவை மொபைலில் பார்ப்பதற்காக யாராவது ‘போர்ட் ஃபார்வர்டிங்’ போட்டிருக்கலாம். பேரனின் கேம் ஒன்று ‘யூபிஎன்பி’ வசதி மூலம் ரவுட்டரிடம் தானே கேட்டு வழி திறந்துகொண்டிருக்கலாம். ஐபிவி6 முகவரியாகவும் இருக்கலாம். அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனி விலாசம் உண்டு, ஒளிந்துகொள்ள ரவுட்டரின் முதுகு கிடையாது. ரவுட்டரில் உள்ள ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று பார்ப்பது அவசியம். மொபைல் டாங்கிளைக் கணினியில் நேரடியாகச் செருகிப் பயன்படுத்துபவர்களுக்கும் இது பொருந்தும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். புதிய வைஃபையில் இணையும்போது விண்டோஸ் ‘பப்ளிக்’ நெட்வொர்க்கா, ‘பிரைவேட்’ நெட்வொர்க்கா என்று பிரித்துக்கொள்ளும். கும்பகோணத்தில் லாட்ஜில் தங்கும்போதும், ரயில் நிலைய வைஃபையிலும் பப்ளிக்காகவே இருக்கட்டும். அதுதான் இறுக்கமான ஏற்பாடு. பெயரைப் பார்த்து எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

உள்ளே வருவதைவிட வெளியே போவது

டெல்டாவில் வயல் வைத்திருப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். மடை வழியாகத் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட மாட்டார். வரப்பைச் சுற்றி நடப்பார். எலி வளை, நண்டு வளை வழியாகத் தண்ணீர் வெளியே கசிகிறதா என்று பார்ப்பார். ஃபயர்வால் எச்சரிக்கையிலும் கவனிக்க வேண்டியது அந்தக் கசிவைத்தான். உங்கள் கணினிக்குள் இருக்கும் ஏதோ ஒரு நிரல், நீங்கள் கேட்காமல் வெளியே யாரையோ தொடர்புகொள்ளப் பார்க்கிறது என்றால், திருடன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான் என்று சந்தேகப்படலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2019 அக்டோபர் கடைசி வாரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினியில் ‘டிட்ராக்’ என்ற உளவு மென்பொருள் புகுந்துவிட்டதாகச் சமூக ஊடகங்களில் பேச்சு கிளம்பியது. 29-ம் தேதி நிலைய நிர்வாகம் மறுத்தது. கட்டுப்பாட்டுக் கணினிகள் வெளி நெட்வொர்க்கோடும் இணையத்தோடும் இணைக்கப்படாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது. மறுநாள், 30-ம் தேதி, இந்திய அணுமின் கழகம் வேறொரு அறிக்கை விட்டது. தங்கள் அமைப்பில் மால்வேர் கண்டறியப்பட்டது உண்மை. செப்டம்பர் 4-ம் தேதியே ‘செர்ட்-இன்’ அமைப்பு தெரிவித்துவிட்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு பயனரின் கணினி. முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து அது தனியாகப் பிரித்து வைக்கப்பட்டது என்று அறிக்கை சொன்னது.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று புரியும். முதல் அறிக்கை பேசியது பூட்டைப் பற்றி. பூட்டு உடையவில்லை என்பது சரியாகவே இருக்கலாம். ஆனால் கேள்வி அதுவல்லவே! டிட்ராக் எதையும் உடைக்கும் மென்பொருள் இல்லை. அது அமைதியாக உட்கார்ந்து விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்யும். பிரவுசரில் பார்த்த தளங்களின் பட்டியல், ஓடும் நிரல்களின் பட்டியல், நெட்வொர்க் விவரம் எல்லாவற்றையும் சேகரிக்கும். சேகரித்தது எங்காவது போய்ச் சேர வேண்டும் இல்லையா? உளவு மென்பொருள் வெளியே தெரிய வரும் இடமும் பெரும்பாலும் அதுதான்.

அணுமின் நிலையத்துக்கே வெளியிலிருந்து ஒரு அமைப்பு சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக் கணினிக்கு யார் சொல்வார்கள்? விண்டோஸின் ஃபயர்வால் இயல்பான அமைப்பில் உள்ளே வருவதைத் தடுக்கும், வெளியே போவதை அனுமதிக்கும். கசிவைப் பற்றி அது வாய் திறக்காது. சென்னையைச் சேர்ந்த கே7, புனேயின் க்விக் ஹீல் போன்ற பாதுகாப்பு மென்பொருள்கள் வெளியே போவதையும் கண்காணிக்கும் வசதி வைத்திருக்கின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று, பெயர் தெரியாத நிரல் ஒன்று வெளியே இணைய முயல்கிறது என்று சொன்னால் அந்தப் பெட்டியை மூடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். நெட்டைத் துண்டியுங்கள். அந்த நிரலின் பெயரை மொபைலில் தேடிப் பாருங்கள். அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ 2017 பிப்ரவரியிலிருந்து இயங்குகிறது. வைரஸ் பிடித்த கருவிகளைச் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. இப்படி ஒன்று இருப்பதே நிறைய பேருக்குத் தெரியாது. அதன் பெயரை வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இன்னொரு பெட்டியும் குழப்பும். புதிதாக ஒரு மென்பொருளைத் திறந்ததும், ஃபயர்வால் இதன் சில வசதிகளைத் தடுத்துள்ளது, அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். இதுவும் தாக்குதல் இல்லை. உங்கள் கணினியில் இருக்கும் நிரலே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருபவர்களிடம் பேச அனுமதி கேட்கிறது. நீங்களே இப்போது நிறுவிய மென்பொருள் என்றால் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதிக்கலாம். பெயரே கேள்விப்படாததாக இருந்தால் ‘கேன்சல்’ கொடுங்கள். அவசரத்தில் ‘அலோ’ அழுத்துவது நம் எல்லோருக்கும் பழக்கம். உண்மையான தட்டலைவிட இந்த ஒரு க்ளிக் ஆபத்தானது.

போன் நம்பர் இருந்தால் அது ஃபயர்வால் இல்லை

இப்போது அந்தப் போன் காலுக்கு வருவோம். ஏதோ ஒரு தளத்தைத் திறந்ததும் திரை முழுக்க நீலமோ சிவப்போ நிறையும். ஃபயர்வால் உடைந்துவிட்டது, உங்கள் வங்கி விவரம் திருடப்படுகிறது, கணினியை அணைக்காதீர்கள் என்று எழுத்து ஓடும். சில நேரம் ஒரு குரல் வேறு கத்தும். நடுவில் மைக்ரோசாஃப்ட் சின்னமும் ஒரு நம்பரும்.

உண்மையான ஃபயர்வால் போன் நம்பர் தராது. சைரன் அடிக்காது. அணைக்காதே என்று கெஞ்சாது. இது பிரவுசருக்குள் திறந்த ஒரு வெப் பக்கம், அவ்வளவே. எஸ்கேப் பொத்தானை அழுத்திப் பிடித்து, பிரவுசரை மூடினால் போய்விடும். மூட முடியாவிட்டால் கணினியை அணைத்துவிடலாம். ஒன்றும் ஆகாது.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் மறுமுனையில் பேசுபவர் மிக மரியாதையாகப் பேசுவார். ‘எனிடெஸ்க்’ போன்ற தொலை இயக்கச் செயலியை நிறுவச் சொல்வார். ஃபயர்வால் இங்கே கைகட்டி நிற்கும். காரணம், கதவை உள்ளேயிருந்து திறந்தவர் வீட்டுக்காரர். பிறகு விண்டோஸிலேயே இருக்கும் சாதாரணப் பதிவேடு ஒன்றைத் திறந்து காட்டுவார். எல்லாக் கணினியிலும் இருக்கும் சிவப்பு, மஞ்சள் குறிகள் அதில் வரிசையாக இருக்கும். “பார்த்தீங்களா சார், எவ்வளவு வைரஸ்!” அடுத்தது கட்டணம், அதற்கு அடுத்தது வங்கிக் கணக்கு.

இந்த வியாபாரத்தின் ஒரு பெரிய கூடாரம் இந்தியாவில்தான் இருக்கிறது என்பது கசப்பான செய்தி. 2023 அக்டோபரில் சிபிஐ ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் பெயரில் தொழில்நுட்ப உதவி தருவதாகச் சொல்லி வெளிநாட்டவர்களை ஏமாற்றிய கால் சென்டர்கள் அதில் சிக்கின. அங்கே கற்ற வித்தையை உள்ளூரில் காட்ட யாருக்கும் தனியாகப் பயிற்சி தேவையில்லை.

பணம் போய்விட்டால் நேரம்தான் முக்கியம். 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும். பணம் கைமாறி வெளியே எடுக்கப்படுவதற்குள் வங்கிகளுக்குத் தகவல் போனால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். அனுமதியில்லாமல் ஒருவர் கணினிக்குள் கெட்ட எண்ணத்தோடு நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் ‘தடுக்கப்பட்டது’ என்ற பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. அப்படிப் போனால் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒருநாளில் வரும் பெட்டிகளுக்கே எழுத்தர் போதாது.

23-ம் எண் கதவும் கடைக்காரர் வைத்த பாஸ்வேர்டும்

‘டெல்நெட்’ என்ற மிகப் பழைய வசதியின் கதவு எண் 23. வீட்டுக் கணினியில் இன்று அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பிறகு ஏன் இத்தனை பேர் அதைத் தட்டுகிறார்கள்? அவர்கள் தேடுவது கணினியை அல்ல. சுவரில் மாட்டியிருக்கும் கேமராவை, அதன் டிவிஆர் பெட்டியை, ரவுட்டரை.

2016-ல் ‘மிராய்’ செய்தது இதுதான். இணையம் முழுக்க 23-ம் கதவைத் தட்டும். திறந்திருந்தால், தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய பயனர் பெயர், பாஸ்வேர்டுகளில் 60-க்கும் மேற்பட்ட ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். ‘அட்மின் - அட்மின்’ மாதிரிதான். வேறு எந்த வித்தையும் கிடையாது. அப்படிச் சேர்த்த கேமராப் படையை வைத்து அக்டோபர் 21-ம் தேதி ‘டைன்’ நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்பட அமெரிக்காவில் பாதி இணையம் முடங்கியது போலானது. மிராயை எழுதியவர்கள் உளவு அமைப்பு இல்லை. இருபது வயதை ஒட்டிய மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் கேம் சர்வர்களின் போட்டியில் ஆரம்பித்த விளையாட்டு அது. 2017-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

கேமரா மாட்டும் தொழில் இங்கே எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கடைக்காரர் வருவார், துளை போடுவார், வயர் இழுப்பார், மொபைலில் படம் தெரிகிறதா என்று காட்டுவார், கிளம்பிவிடுவார். பாஸ்வேர்டு? பெட்டியோடு வந்ததே இருக்கும். இல்லையென்றால் எல்லா வீட்டுக்கும் அவர் வைக்கும் ஒரே பாஸ்வேர்டு. லட்சக்கணக்கில் மதிப்புள்ள சிலைகள் நிற்கும் பட்டறையைக் காவல் காக்க மாட்டிய கேமரா, யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கும் ஜன்னலாகிவிடும். ஃபைபர் இணைப்பு தரும் உள்ளூர் ஆட்களும் ரவுட்டர் விஷயத்தில் பெரிதாக மாறுபடுவதில்லை. வாடிக்கையாளரை ‘விழிப்புணர்வோடு இருங்கள்’ என்று சொல்லிவிட்டு, பூட்டாத கதவோடு வீட்டை ஒப்படைப்பது நியாயமில்லை. பாஸ்வேர்டை வீட்டுக்காரர் முன்னால் மாற்றி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பில் போட வேண்டும் என்று ஒரு விதி வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுப் பாஸ்வேர்டோடு இணையக் கருவிகளை விற்பதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. இந்தியாவிலும் சிசிடிவி கேமராக்கள் சந்தைக்கு வர பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 9 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. தாமதம்தான், ஆனாலும் நல்ல விதி.

வாட்ஸ்அப்பில் “க்ளோஸ் பண்ணிடுங்க” என்று பதில் போட்ட தம்பி அடுத்த முறை பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு, அதன் யூபிஎன்பி, போர்ட் ஃபார்வர்டிங், நிலுவையில் கிடக்கும் விண்டோஸ் அப்டேட். இவற்றை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே செய்யலாம். 1930 என்ற எண்ணை மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவிடலாம். டிவிஆர் மட்டும் கொஞ்சம் அலைக்கழிக்கும். புதிய விதி இனி விற்கும் கேமராக்களுக்குத்தான். ஏற்கெனவே சுவரில் தொங்குபவற்றின் பாஸ்வேர்டு என்ன என்று தெரிந்துகொள்ள, மாட்டிக் கொடுத்த கடைக்காரரின் நம்பரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.